குந்தவை: ஒருத்தி அல்ல, மூவர்

நம்பிக்கை: குந்தவை என்பது 'பொன்னியின் செல்வன்' நாவலுக்காகக் கல்கி சூட்டிய பெயர்.

உண்மை: கல்கியின் கற்பனை என்றால் நந்தினியையும் பூங்குழலியையும் சொல்லலாம். குந்தவை கல்லிலேயே இருப்பவர். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டச் சொன்ன கல்வெட்டில் கொடைகளின் வரிசையைப் பாருங்கள்: முதலில் தான் கொடுத்தவை, அடுத்து அக்காள் குந்தவை கொடுத்தவை, அதற்குப் பிறகுதான் தேவியர் கொடுத்தவை. பட்டத்தரசிகளுக்கு முன்னால் அக்காள்! அவர் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்பதும் அங்கேயே பொறித்திருக்கிறது. தந்தை சுந்தர சோழருக்கு அக்கோயிலில் திருமேனி எடுப்பித்தவரும் அவர்தான். 1950இல் கல்கி அந்த நாவலைத் தொடராக ஆரம்பித்தபோது அந்தப் பெயருக்கு ஏறக்குறைய ஆயிரம் வயது.

நம்பிக்கை: சோழர் குடும்பத்தில் ஒரே ஒரு குந்தவைதான்.

உண்மை: குறைந்தது மூவர். ராஜராஜன் தன் மகளுக்கும் அக்காள் பெயரையே வைத்தான். அவளை வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கியன் விமலாதித்தனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர்கள் மகன் ராஜராஜ நரேந்திரன். பேரன், 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். அவனுடைய தங்கையும் ஒரு குந்தவை. சிதம்பரம் கோயிலுக்குக் கொடை தந்தவள். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கும் நம் வழக்கம் அரண்மனையிலும் இருந்திருக்கிறது. போளூருக்கு அருகே திருமலையில் உள்ள குந்தவை ஜினாலயம், மூவரில் மூத்தவர் பெயர் தாங்கிய சமணக் கோயில்.

நம்பிக்கை: குந்தவை என்றால் 'மல்லிகை போன்றவள்'.

உண்மை: குழந்தைப் பெயர்ப் புத்தகங்களின் கைவரிசை இது. குந்தம் என்றால் ஒருவகை மல்லிகை, சரி. ஈட்டிக்கும் அதே சொல்தான். புத்தகம் போடுபவர் ஈட்டியை மட்டும் ஏன் விட்டுவிடுகிறார்?

நம்பிக்கை: 'பொன்னியின் செல்வ'னால் வீட்டுக்கு வீடு குந்தவை.

உண்மை: அந்த நாவலிலிருந்து வீடுகளுக்குள் சுலபமாக வந்தவள் வானதி. குந்தவையைப் படித்தவர்கள் ரசித்தார்கள், 2022இல் திரையில் குந்தவையாகத் திரிஷா வந்தபோது கைதட்டினார்கள். தொட்டிலில் வைக்கத் தயங்கினார்கள். என் கணிப்பில் காரணம் ரொம்பச் சாதாரணம். உட்காருவதைக் 'குந்துவது' என்று சொல்லும் ஊர்களில், பெயரை இரண்டாகப் பிரித்தால் 'குந்த வை' என்றாகிவிடும். வகுப்பில் பின்பெஞ்சு சும்மா விடுமா?