காந்தத் தூண்டலும் கையின் அசைவும்

பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்த பெரியவர் இல்லத்தில் இருப்பின், சட்டைப் பொத்தானைப் பூட்டுவதும் எத்துணை அரிய செயல் என்பதை நாம் அறிவோம். பழுது கையில் இல்லை. கையை ஏவும் மூளைப் பகுதியில் உள்ளது. மண்டையோட்டைத் திறவாமல், வலியின்றி அப்பகுதியைத் தூண்டுதல் கூடுமோ என்னும் வினாவுக்கு, 1985இல் இங்கிலாந்தின் செஃபீல்டு நகரில் ஆந்தணி பார்க்கரும் அவர்தம் குழுவினரும் விடை கண்டனர்.

தலைமேல் வைத்த கம்பிச் சுருளில் இமைப்பொழுதினும் குறைந்த நேரம் வலிய மின்சாரம் பாய்கிறது. அதனால் எழும் காந்தப்புலம் எலும்பை ஊடுருவி, மூளையில் சிறு மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கிறது. எதிர்ப்பக்கக் கை துள்ளுகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் விதியே இதற்கு அடிப்படை. அவ்விதிக்கும் நரம்பை எழுப்புதலுக்கும் ஆங்கிலத்தார் வெவ்வேறு சொற்களை ஆள்கின்றனர். விளக்குத் திரியைத் தூண்டும் செயலுக்கு நாம் வழங்கும் சொல்லோ இரண்டுக்கும் பொருந்தி நிற்கிறது. தமிழ் பயில்வோர் இதனை எண்ணி மகிழலாம்.

மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கும் இயல்பின. ஒரு பாதி நலிந்தால் மற்றது அதனை மிகுதியாக அடக்கிவிடுகிறது என்பது மருத்துவ அறிஞர் சிலர் கொள்கை. ஆகவே நலமுள்ள பாதியில் நொடிக்கு ஒரு துடிப்பாகச் செலுத்தி அதன் வேகத்தைத் தணிப்பர். அல்லது நலிந்த பாதியில் விரைந்த துடிப்புகளைச் செலுத்தி அதனை எழுப்புவர்.

கொள்கை அழகியதே. ஆயினும், 2018இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பக்கவாதம் கண்டு 3 முதல் 12 மாதங்கள் ஆன 199 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு சாராருக்கு மெய்யான தூண்டல். மறு சாராருக்குப் போலித் தூண்டல். இரு சாராருக்கும் கைப்பயிற்சி உண்டு. முடிவில் மெய்த்தூண்டல் பெற்றோரில் நூற்றுக்கு 67 பேரும், போலித்தூண்டல் பெற்றோரில் 65 பேரும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். இருவர்க்கும் பொதுவாய் அமைந்தது பயிற்சியே என்பதை நாம் மறத்தலாகாது.

இதனால் இம்முறை பயனற்றதென்று தள்ளிவிடுதலும் முறையன்று. தாக்குதலை அடுத்து வரும் காலத்தில், நலமுள்ள பாதியைத் தணிக்கும் முறை பயன் தருமென ஐரோப்பிய வல்லுநர் குழு 2020இல் உரைத்தது. எனினும், கருவியை நம்பிப் பயிற்சியை நிறுத்தும் இல்லத்தார், கைக்கு வந்த வாய்ப்பை நழுவ விடுகின்றனர் என்பதே நம் கருத்து.

தலைக்குள் உலோகத் துண்டோ, செவியினுள் பொருத்திய கேட்புக் கருவியோ உடையவர்க்கு இம்முறை ஆகாது. அரிதாக வலிப்பு நேர்வதுண்டு. ஆதலின் முன்பு வலிப்புக் கண்டவர் அதனை மருத்துவரிடம் முதற்கண் கூறிவிடல் வேண்டும்.