குப்பை குறையவில்லை, வாயுதான் குறைந்தது

ஜெர்மனி ஆண்டுதோறும் வெளியிடும் பசுங்குடில் வாயுக் கணக்கில் குப்பைக்கும் கழிவுநீருக்கும் தனிப் பிரிவு உண்டு. எல்லா வாயுக்களையும் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மாற்றிச் சொன்னால், 1990-இல் அந்தப் பிரிவில் சுமார் 4 கோடி டன். 2023-இல் 60 லட்சம் டன்னுக்கும் கீழே. சதவீதத்தில் பார்த்தால் மின்சாரம், போக்குவரத்து, விவசாயம் எதுவுமே இவ்வளவு இறங்கவில்லை. இந்தச் சரிவை மேற்கோள் காட்டாத சுற்றுச்சூழல் மேடை இல்லை. காரணமாகச் சொல்லப்படுவதில்தான் பாதி தவறு.

“ஜெர்மானியர்கள் குப்பை போடுவதையே குறைத்துக்கொண்டார்கள்.”

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. 2000-இல் ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 600 கிலோவுக்கு மேல் நகராட்சிக் குப்பை சேர்ந்தது. 2020-இலும் 600 கிலோவுக்கு மேல்தான். மாறியது குப்பை போய்ச்சேரும் இடம். 2005 ஜூன் 1 முதல், வீட்டுக் குப்பையை அப்படியே லாரியில் கொண்டுபோய்க் கிடங்கில் கொட்டுவது அங்கே சட்டப்படி முடியாது. ஒரே இரவில் வந்த தடையும் அல்ல இது. 1993-லேயே விதியை எழுதி, 12 ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் எரியுலைகளும், குப்பையைப் பிரித்து மட்கவைக்கும் ஆலைகளும் எழுந்தன. சமையலறைக் கழிவைத் தனித்தொட்டியில் வாங்குவது 2015-இல் கட்டாயமானது. அவகாசம் நீளம்தான், ஆனால் தேதி வந்தபோது இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று யாரும் மழுப்பவில்லை. நான் மெச்சுவது அதைத்தான்.

“பிளாஸ்டிக்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.”

கடலுக்கும் கால்வாய்க்கும் பிளாஸ்டிக் எமன்தான். குப்பைமேட்டு வாயுக் கணக்கில் அதற்குப் பங்கே இல்லை என்று சொல்லலாம். புதைந்த பாலித்தீன் பை மட்குவதில்லை. மட்காததிலிருந்து மீத்தேன் வராது. காற்றுப் புகாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் தின்பது மீந்த சோற்றை, காய்கறித் தோலை, புல்லை, செய்தித்தாளை, அட்டைப்பெட்டியை. அங்கே பிறக்கும் மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். நாம் ‘இயற்கையானது, தானாக மட்கிவிடும்’ என்று நிம்மதியாகத் தூக்கிப்போடும் பொருட்கள்தான் இந்தக் கணக்கில் குற்றவாளிகள்.

“குப்பையை ஒழுங்காகக் கொட்டி, அழுத்தி, மண் மூடினால் போதும்.”

நாற்றம் போகும், ஈயும் எலியும் குறையும். மீத்தேன் கூடும். ஐநா காலநிலைக் குழுவான ஐபிசிசி-யின் கணக்குமுறையில், முறையாக நிரப்பி மூடிய கிடங்குக்கு மீத்தேன் காரணி 1. ஊர் ஓரத்தில் 5 மீட்டர் ஆழம்கூட இல்லாமல் சிதறிக்கிடக்கும் குப்பைக்கு 0.4. காற்றுப் படும் இடத்தில் மீத்தேன் அதிகம் உருவாகாது என்பதே காரணம். ஜெர்மனியும் இந்தப் படியைத் தாண்டித்தான் வந்தது: 1972-இன் கழிவுச் சட்டத்துக்குப் பிறகு, ஊருக்கு ஊர் இருந்த சின்னச் சின்ன மேடுகளை மூடிவிட்டுப் பெரிய கிடங்குகளுக்குப் போனார்கள். சுகாதாரத்துக்கு நல்லது, வாயுக் கணக்குக்குக் கெட்டது. குழாய் இறக்கி வாயுவை உறிஞ்சாமல் கிடங்கை மட்டும் நவீனமாக்கும் எந்த நாட்டுக்கும், இந்தியா உட்பட, இதே கதிதான்.

“கிடங்கை மூடினால் கதை முடிந்தது.”

ஹாம்பர்க் நகரில் கியோர்க்ஸ்வெர்டர் என்றொரு குன்று இருக்கிறது. உயரம் சுமார் 40 மீட்டர். உச்சியில் காற்றாலைகள், சரிவில் சூரியத் தகடுகள், சுற்றிப் பார்க்க நடைபாதை. உள்ளே முழுக்கக் குப்பை. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் கொட்டத் தொடங்கினார்கள். வீட்டுக் குப்பையோடு ரசாயனக் கழிவும் சேர்ந்தது. 1979-இல் மூடினார்கள். 1983-இல் டயாக்சின் கசிவது தெரியவந்து ஊரே பதறியது. குன்றுக்குப் போர்வை போர்த்தி, கிணறுகள் இறக்கி, வாயுவை இழுத்தார்கள். அது பக்கத்துச் செம்பு ஆலைக்குக் குழாய் வழியே எரிபொருளாகப் போனது, மூடிப் பல பத்தாண்டுகள் கழிந்த பிறகும்.

குளிர்ந்த, ஈரமான நாடுகளுக்கு ஐபிசிசி தரும் கணக்கில், புதைத்த உணவுக் கழிவு பாதியாகக் கரைய 4 ஆண்டு ஆகும். காகிதத்துக்கு 12, மரத்துக்கு 23. (நம்மைப் போன்ற வெயிலும் மழையும் உள்ள நாடுகளில் உணவுக்கு 2 ஆண்டே போதும்.) ஆக, 2023-ஆம் ஆண்டின் ஜெர்மன் கணக்கில் 1990-களின் செய்தித்தாளும் மேசை நாற்காலியும் இருக்கின்றன. இன்றைய அமைச்சர் இன்றைய எண்ணுக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. அது 1993-இல் விதி எழுதியவர்களின் அறுவடை.

“போன வருடம் ஒரு எண், இந்த வருடம் வேறு எண். எல்லாம் தில்லுமுல்லு.”

ஒவ்வொரு ஆண்டும் 1990-இலிருந்து முழு வரிசையையும் திருப்பிக் கணக்கிடுவது விதி. மீத்தேனின் பெருக்கு எண்ணே முதலில் 21, பிறகு 25, இப்போது 28 என்று ஏறியிருக்கிறது. அதே வாயுதான், 1990-இன் தொகை காகிதத்தில் கூடிவிட்டது. வேறு வேறு ஆண்டு அறிக்கைகளிலிருந்து ஆளுக்கொரு எண்ணைப் பிடுங்கி ஒப்பிடுபவர்கள்தான் குழம்புகிறார்கள்.

“எரித்தால் கணக்கிலேயே வராது.”

சந்தேகம் நியாயமானது. ஜெர்மனியில் குப்பை எரியுலைகள் மின்சாரமும் சூடும் தருகின்றன. அதனால் அவற்றின் புகை எரிசக்தித் துறையில் எழுதப்படுகிறது. மளிகைக் கடன் தீர்ந்தது என்று நோட்டில் கோடு போட்டுவிட்டுப் பாதியைப் பால்கணக்கில் ஏற்றுவதுபோலத்தான் இது. எனவே குப்பைப் பிரிவின் சரிவை முழுவதும் லாபம் என்று வாசிக்கக் கூடாது. முழுவதும் கண்கட்டு என்பதும் தப்பு: மீத்தேன் நிஜமாகவே நின்றது. உலையில் எரியும் காகிதம், உணவு ஆகியவற்றின் கார்பன், செடி காற்றிலிருந்து எடுத்தது என்பதால் மொத்தத்தில் சேர்ப்பதில்லை. பிளாஸ்டிக்கின் கார்பன் சேரும். கிடங்கில் நிரபராதியாகக் கிடந்த பிளாஸ்டிக் இங்கே வந்து மாட்டிக்கொள்கிறது. 2024 முதல் எரியுலைகளும் ஜெர்மனியின் கார்பன் விலைக்குள் வந்துவிட்டன. முதல் ஆண்டு விலை டன்னுக்கு 45 யூரோ, மறு ஆண்டு 55.