மருத்துவப் பாடம்: கருவிழியின் மேல்தோல்



கண்ணாடியை விட்டுவிட லேசர் சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று நம் சபைகளின் வாலிபர் பலர் கேட்கிறார்கள். இந்த லேசர் திசுவைச் சூடின்றிச் செதுக்கும் என்று 1981இல் அமெரிக்காவில் கண்டறிந்தவர்களில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி சீனிவாசன்.

கருவிழியின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மேல்தோல். மடல் வெட்டாமல் செய்யும் பி.ஆர்.கே. சிகிச்சையில் இதை முதலில் அகற்ற வேண்டும். மழுங்கிய கத்தியால் சுரண்டுவது பழைய முறை. செலவு குறைவு, ஆனால் நேரம் நீண்டால் கருவிழி உலர்ந்து, லேசரின் கணக்குத் தவறும். சுழலும் தூரிகையும் உண்டு. 20 சதவீத ஆல்கஹாலை ஒரு சிறு வளையத்துக்குள் 20 முதல் 30 விநாடி நிறுத்திக் கழுவினால் மேல்தோல் இளகி எளிதாக வந்துவிடும்; வெளியே கசியவிடக் கூடாது. இப்போது லேசரே மேல்தோலையும் எடுத்துவிடுகிறது. எப்படிச் செய்தாலும் சில மாதங்களுக்குப் பின் பார்வையில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. மருத்துவரின் கை பழகிய முறையே போதும் என்பது எமது எண்ணம்.

ஆனால் எந்த முறையிலும் மூன்று முதல் ஐந்து நாள்வரை கருவிழி திறந்த புண்தான். அதற்காகவே பாதுகாப்பு லென்ஸும் ஆண்டிபயாடிக் சொட்டு மருந்தும்.

எட்டயபுரம், கோவில்பட்டிக் கரிசல் காட்டில் சோளத்தோகை உராய்ந்தாலும் இதே மேல்தோல்தான் உரிகிறது. அங்கே லென்ஸும் இல்லை, மருந்தும் இல்லை. பச்சிலைச் சாறு ஊற்றுவார்கள். மண்ணிலுள்ள பூஞ்சை உள்ளே இறங்கிவிடும். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1997இல் வெளியான அதன் ஆய்வில், கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரில் பலர் விவசாய வேலை செய்பவர்கள். 284 பேருக்கு முதலில் கண்ணில் அடிபட்டிருந்தது.

இதற்கு லேசர் வேண்டியதில்லை. மதுரை மாவட்டக் கிராமங்களில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களே கண்ணில் சாயச் சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும் உரசலைக் கண்டுபிடித்தார்கள். ஆண்டிபயாடிக் களிம்பை மூன்று நாள் போட்டார்கள். அப்படிக் களிம்பு பெற்றவர்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். நான்கு பேருக்கு மட்டும் லேசான புண் கண்டது, அதுவும் ஆறிவிட்டது.