வலமா, வடக்கா?

நான்காம் வகுப்பில் இடம், வலம் நடத்திக்கொண்டிருந்தேன். "புத்தகத்துக்கு எந்தப் பக்கம் பேனா இருக்கிறது?" என்று கேட்டேன். "வடக்கால, டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. தவறு என்று உட்கார வைத்துவிட்டேன்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வாழும் பழங்குடியினரின் கூகு யிமிதிர் மொழியைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். 'கங்காரு' என்ற சொல்லை உலகுக்குத் தந்த மொழி அது. அம்மொழியில் இருப்பிடத்தைச் சொல்ல இடம், வலம் பயன்படுவதில்லை. "கிழக்கே கொஞ்சம் நகரு" என்பதே வழக்கு. அதனால் பேசுவோர் மனத்தில் திசை எப்போதும் பதிந்திருக்கிறது என்கிறார் மொழியியலாளர் ஸ்டீபன் லெவின்சன். 1990களில் தமிழர்களிடையே ஆய்வு செய்த எரிக் பெடர்சன், கிராமத்தவர் திசைச் சொற்களையும் நகரத்தவர் இடவலத்தையும் மிகுதியாகப் பயன்படுத்துவதைக் கண்டார்.

வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். மேசையில் மூன்று பொம்மை விலங்குகளை வரிசையாக நிறுத்தினேன். அதை நினைவில் வைத்துக்கொண்டு, பின்னால் திரும்பி, எதிர் மேசையில் அதேபோல் அடுக்க வேண்டும். வலப்புறம் பார்த்த மாட்டைச் சிலர் வலப்புறமே பார்க்க வைத்தனர். அந்த மாணவியோ வடக்கு பார்த்த மாட்டை வடக்கு பார்த்தே நிறுத்தினாள். இரண்டும் சரியே.

"அன்று நீ சொன்ன விடையும் சரிதான்" என்று எல்லார் முன்னிலும் அவளிடம் சொன்னேன். இடவலம் கற்பிப்போம், குழந்தை வீட்டிலிருந்து கொண்டுவரும் திசையறிவை அழித்துவிடாமல் கற்பிப்போம்.