மிதவையின் தலைமேல் கோடு போடாதே

அன்புள்ள தம்பிக்கு,

செகண்ட் மேட் ஆகிவிட்டாய். இனி பாதைத் திட்டம் உன் பொறுப்பு. நீ அனுப்பிய படத்தில் ஒன்றுதான் உறுத்துகிறது. திருப்புமுனையைக் கொண்டுபோய் மிதவையின் தலைமேலேயே வைத்திருக்கிறாய். எக்டிஸ் மின்வரைபடத் திரையில் அழகாகத்தான் தெரியும். இருந்தாலும் நகர்த்திவிடு. ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை சொல்கிறேன்.

கலங்கரை விளக்கம் கட்ட வழியில்லாத கடலில் விளக்கைக் கப்பலில் ஏற்றி நங்கூரமிட்டு நிறுத்திய காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே உள்ள மணல்திட்டுகளுக்கு அப்படி ஒரு காவல். சிவப்புக் கப்பல், பக்கவாட்டில் பெரிய வெள்ளை எழுத்தில் பெயர். எங்கும் போகாத கப்பலில் மாலுமிக்கு என்ன வேலை என்பாய். போகாமல் இருப்பதுதான் வேலை! புயலென்றால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம், இவர்களுக்கு அது கிடையாது. காளான் வடிவ நங்கூரம் இழுபடுகிறதா என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். இடம் மாறிய விளக்கு ஊரையே கெடுத்துவிடும். மூடுபனி இறங்கினால் சங்கு ஓயாது. ஒரு ஊதலுக்கும் அடுத்ததற்கும் நடுவில்தான் பேச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே இருந்தவர்கள் பொழுதுபோகாமல் கூடை பின்னினார்கள். நான்டக்கெட் கூடைக்கு இன்றைக்கும் நல்ல விலை.

பிறகு அந்த விளக்குக் கப்பலில் ரேடியோ பீக்கன் வந்தது. பனியில் கண் தெரியாத கப்பல்கள் அந்த ரேடியோ சிக்னலின் திசையைப் பிடித்து, அதை நோக்கியே வரத் தொடங்கின. கடைசியில் விலகிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. 1934 ஜனவரியில் வாஷிங்டன் என்ற கப்பல் உரசிவிட்டுப் போனது. மே 15 அன்று, அடர்ந்த பனியில், டைட்டானிக்கின் அக்கா ஒலிம்பிக் நேராக வந்து இடித்தது. விளக்குக் கப்பல் மூழ்கியது. 11 பேரில் 7 பேர் போய்விட்டார்கள். பிரிட்டிஷ் அரசு கொடுத்த நஷ்டஈட்டில் 1936இல் புதுக் கப்பல் வந்தது.

பீக்கனில் கோளாறு இல்லை, தம்பி. அது ஒழுங்காக வேலை செய்ததுதான் வினை. உன் ஜிபிஎஸ் அதைவிடப் பல மடங்கு துல்லியம். முன்பு கணக்கில் விழும் பிழையே கப்பலைச் சற்றுத் தள்ளிக் கொண்டுபோகும். இப்போது அந்தத் தயவும் கிடையாது. எதிரே வருகிறவனும் அதே மிதவையில்தான் புள்ளி வைத்திருப்பான்.

பாதி மைலாவது தள்ளி, உன் வலப்பக்கமாக வை. அங்கே கப்பலின் அடியில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சுகிறது என்று ஓதக் கணக்கோடு பார்த்து, கேப்டன் கையெழுத்துக்குப் போவதற்கு முன்பு எனக்கு ஒருமுறை அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்