திருமணத்திற்காகத் திரட்டிய கையொப்பங்கள்

1970 டிசம்பரில் இத்தாலியில் விவாகரத்துச் சட்டம் வந்தது. அதை நீக்கக் கோரும் பொது வாக்கெடுப்புக்கு 5 லட்சம் கையொப்பங்கள் தேவை. பேராசிரியர் காப்ரியோ லொம்பார்டி தலைமையில் கத்தோலிக்கத் தொண்டர்கள் 13 லட்சத்துக்கும் மேல் திரட்டினர்.

1974 மே 12, 13 தேதிகளில் வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் சட்டம் நிலைக்கட்டும் என்றனர். அவர்களுள் கத்தோலிக்கரும் இருந்தனர்.

தொண்டர்களின் உழைப்பு வீணா? நாம் அப்படி எண்ணவில்லை. தாம் நம்பியதை அவர்கள் மறைக்காமல் மக்கள் முன் வைத்தனர். ஆயினும் ஒன்றை உணர்கிறோம்: மெய்விவாகத்தின் உறுதியை வாக்குச்சீட்டு தர இயலாது. பொறுமையாலும் மன்னிப்பாலும் அதை அன்றாடம் காப்பவர்கள் நம் பெற்றோர். நாளை இல்லறம் ஏற்கும் நம்மிடமும் இறைவன் கேட்பது கையொப்பமன்று, வாழ்க்கையே.