மாஸ்க் ரோட்டில் ஒரு நோன்பு மாலை: போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1898-ல் பெங்களூரைப் பிளேக் உலுக்கியது. பிரிட்டிஷ் படைமுகாம் பகுதியான கன்டோன்மென்ட்டின் நெரிசலைக் குறைக்க அதன் பிறகு எழுப்பப்பட்ட குடியிருப்புகளில் ஒன்று பிரேசர் டவுன். ஏட்டில் புலிகேசி நகர் என்றாலும் பழைய பெயர்தான் புழக்கத்தில் இருக்கிறது. அங்கே ஹாஜி சர் இஸ்மாயில் சேட் பள்ளிவாசல் நிற்கும் மாஸ்க் ரோட்டுக்கு ரமலான் மாதத்தில் நோன்பாளிகளோடு மற்றவர்களும் சாப்பிடத் திரண்டு வருகிறார்கள். அப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

ரமலான் பிறைக் கணக்கில் வருவதால் ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னே நகரும். சனி, ஞாயிறும் பெருநாளை ஒட்டிய கடைசி நாட்களும் கூட்டத்துக்குப் பேர்போனவை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மாத நடுவில் ஒரு செவ்வாயோ புதனோ தோது.

2. முன்கூட்டி விசாரியுங்கள்

நெரிசல், குப்பை, இரைச்சல் என்று குடியிருப்பவர்கள் முறையிடுவதால் ரமலான் கால நடைபாதைக் கடைகளுக்கு எல்லா ஆண்டும் அனுமதி கிடைப்பதில்லை. கடை போடாத ஆண்டிலும் ஓட்டல்களில் நோன்புக் காலப் பண்டங்கள் கிடைக்கும்.

3. காரை வீட்டிலேயே விடுங்கள்

நிறுத்த இடம் தேடியே பசி ஏறிவிடும். வெளியூர்க்காரர்கள் கன்டோன்மென்ட் ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். மெட்ரோவில் வருகிறவர்கள் எம்.ஜி. ரோட்டில் இறங்கி ஆட்டோவில் வரலாம். எப்படி வந்தாலும் தெருமுனையில் இறங்கி நடப்பதே மேல்.

4. பாங்குக்கு முன் வாங்குங்கள், பின் சாப்பிடுங்கள்

பிப்ரவரி, மார்ச்சில் நோன்பு திறக்கும் நேரம் மாலை 6.30-ஐ ஒட்டி இருக்கும். ஐந்து மணிக்கே போனால், 1902-ல் தொடங்கிய ஆல்பர்ட் பேக்கரியில் கோவா நானும் பப்ஸும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். தொழுகை அழைப்பான பாங்கு ஒலிக்கும்வரை கொறிக்காமல் இருங்கள். விடியலுக்கு முன் சாப்பிட்ட கடைக்காரர், ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் சமோசா பொரித்துக்கொண்டிருப்பார். பாங்கு சொன்னதும் அவரும் நோன்பு திறப்பார், தொழப் போவார். அந்தக் கால் மணி நேரம் அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

5. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்

முதலில் ஹலீம். கோதுமை, பருப்பு, இறைச்சி மூன்றையும் மணிக்கணக்கில் வேகவைத்து, இறைச்சி நார் நாராகும்வரை கடைந்தெடுப்பது. ஒரு கிண்ணமே வயிற்றை நிறைக்கும் என்பதால் இருவர் பங்கிட்டால் அடுத்ததற்கு இடமிருக்கும். அடுத்து, சுட்ட கருங்கல்லின் மேல் வாட்டிய இறைச்சியான பத்தர் கா கோஷ்த். பிறகு கபாப், ஷீர்மால் ரொட்டி. முடிவில் இனிப்புக்கு ஃபிர்னியோ ஷாஹி துக்டாவோ. ஆட்டிறைச்சியா மாட்டிறைச்சியா என்று கேட்டே வாங்குங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சைவர்களுக்கு இனிப்பும் பழமும் உண்டு. சமோசா எடுக்கும் முன் எந்த எண்ணெயில் பொரித்தது என்று கேட்பது நல்லது.

6. பேச்சும் பழக்கமும்

கன்டோன்மென்ட் பகுதியில் தமிழ் பேசுகிறவர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். உருது தெரியாவிட்டாலும், “பாய், இது எவ்வளவு?” என்று தமிழிலேயே கேட்டுப் பார்க்கலாம். யாராவது பேரீச்சம்பழம் நீட்டினால் மறுக்காமல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தொழுகிறவர்களையும் பெண்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஜிபே இருந்தாலும் சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும். கூட்டத்தில் நெட்வொர்க் படுத்தும்.

7. கிளம்பும்போது

இரவு தராவீஹ் தொழுகைக்கு ஆட்கள் வந்துபோகும் நேரத்தில் பள்ளிவாசல் வாசலை மறித்து நிற்காதீர்கள். வீட்டு கேட்டுகளின் முன் நின்று சாப்பிடுவதும் வேண்டாம். காகிதத் தட்டையும் கப்பையும் குப்பைத்தொட்டி தென்படும்வரை கையிலேயே வைத்திருங்கள். அடுத்த ஆண்டு அனுமதி கேட்கப்படும்போது, அந்தத் தெருவாசிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஹலீமின் ருசியாக இருக்காது, காலையில் வாசலில் கிடந்த குப்பையாகத்தான் இருக்கும்.